எந்த கோர்ட்டுல கேக்குறது? – வீராம்பட்டினத்துக்கு வந்த ஒரு கடிதமும் 1912 அடையாறு வழக்கும்

பதிவு கொஞ்சம் நீளம் மக்களே. டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

எங்க ஊர் வீராம்பட்டினம்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். புதுச்சேரியிலேருந்து கடலூர் போற ரோட்டுல அரியாங்குப்பத்துல கிழக்கே திரும்பினா கடல் வந்து தடுக்கிற வரைக்கும் எங்க ஊர்தான். ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரன் காலத்துல கவர்னரே வந்து வடம் பிடிப்பார். அவன் போயும் வழக்கம் போகலை, இப்ப துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார்.

தேர் முடிஞ்ச மறுவாரம், எங்க தெருவுல மீன் விக்கிற ஆயா ஒருத்தங்க வீட்டுக்கு வந்தாங்க. கையில ஒரு நீள கவர். உள்ள ஆறேழு பக்கம், முழுக்க பிரெஞ்சு. பள்ளிக்கூடத்துல நாலு வருஷம் பிரெஞ்சு படிச்ச பாவத்துக்கு இந்தத் தெருவுல பிரெஞ்சு காகிதம் எது வந்தாலும் என்கிட்டதான் வரும். பெரும்பாலும் பென்ஷன் காகிதமா இருக்கும். இது அது இல்லை.

ஆயாவோட பொண்ணை டவுன்ல ஒரு சொல்தா குடும்பத்துல கட்டிக் குடுத்தாங்க. (வெளியூர் நண்பர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்களை இங்க சொல்தான்னு சொல்றது. 1962 ஆகஸ்டு 16-ல சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேணும்னு எழுதிக் குடுக்க ஆறு மாசம் டயம் குடுத்தாங்க. எழுதிக் குடுத்தவங்களோட பிள்ளை, பேரன் எல்லாம் இன்னிக்கும் பிரான்ஸ் பாஸ்போர்ட்டு.) கல்யாணம் ஆகி பொண்ணு பாரிஸ் பக்கம் போச்சு. பையன் பிறந்தான். அப்புறம் என்னென்னவோ நடந்துச்சு, அதெல்லாம் நமக்கு வேண்டாம். ரெண்டு வருஷம் முன்னாடி தேர் பார்க்கன்னு பையனோட வந்த பொண்ணு திரும்பிப் போகலை. இப்ப பையன் இங்கதான் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறான்.

கடிதத்தை மெதுவாப் படிச்சேன். அங்க குடும்ப விவகார நீதிபதி முன்னாடி புருஷன் மனு போட்டிருக்கான். பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் வந்துட்டே இருந்துச்சு: 'ரெசிதான்ஸ் அபிதுவெல்'. வழக்கமா வசிக்கிற இடம்னு அர்த்தம். பையன் வழக்கமா வசிக்கிற இடம் பிரான்ஸ், அதனால இந்த வழக்கைக் கேக்குற அதிகாரம் பிரான்ஸ் கோர்ட்டுக்குத்தான், பையனைத் திருப்பி அனுப்பணும். இதான் சாரம்.

ஆயா கேட்டாங்க: "தம்பி, புள்ள இங்க கெடக்கு, எம் பொண்ணு இங்க கெடக்கா. அங்க உக்காந்துக்கிட்டு எப்படிப்பா கேஸு நடத்துவாங்க? இது எந்த கோர்ட்டுல கேக்குறது?"

எனக்கு பதில் தெரியலை. "விசாரிச்சு சொல்றேன் ஆயா"ன்னு அனுப்பிட்டேன். அன்னிக்கு ராத்திரி தேட உக்காந்தவன் எங்கெங்கயோ சுத்தி 1912-ல போய் நின்னேன். நம்ம அடையாறுல. வழக்கின் பெயர்: அன்னி பெசன்ட் எதிர் நாராயணய்யா. இந்த விஷயத்தில் இந்தியாவில் இன்றைக்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்பு. ஜே. கிருஷ்ணமூர்த்தி புத்தகம் வைத்திருப்பவர்களுக்குக் கூட இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும் (எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது).

ஜிட்டு நாராயணய்யா ஓய்வு பெற்ற தாசில்தார். மதனப்பள்ளிப் பக்கம் தெலுங்கு பிராமணக் குடும்பம். ரொம்ப காலமாகவே தியாசபிக்காரர், அதாவது பிரம்மஞான சபை உறுப்பினர். 1905-ல் மனைவி இறந்துவிட்டார். பென்ஷனை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வளர்க்க வழி தேடியவர், 1909 ஜனவரியில் அடையாறில் சபைக்கே வேலை செய்ய வந்து சேர்ந்தார். தலைவி அன்னி பெசன்ட். அந்த வருஷமே கடற்கரையில் இவருடைய பையன் ஒருவனைப் பார்த்து, 'உலக குரு' இறங்கி வரப்போகும் உடம்பு இதுதான் என்று அடையாளம் சொன்னார் லெட்பீட்டர் என்ற வெள்ளைக்காரர். அந்தப் பையன்தான் கிருஷ்ணமூர்த்தி. பதினாலு வயசு. மூணு வயசு சின்னவன் தம்பி நித்யானந்தா. அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் சேர்த்தே எடுத்துக் கொண்டார்கள்.

1910 மார்ச் 6. நாராயணய்யா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் பெசன்ட் அம்மையாரே கார்டியனாக இருக்கலாம் என்று. மனம் விரும்பித்தான் போட்டார். அம்மையார் மேல் அவருக்கு அவ்வளவு பக்தி. நம்ம ஊரில் பிள்ளையைப் பெரிய இடத்தில் படிக்க விடும் எந்த அப்பாவும் போடும் கையெழுத்துதான் அது.

அப்புறம் மனசு மாறியது. காரணம் லெட்பீட்டர். சிறுவர்கள் விஷயமாக அவர் மேல் புகார் கிளம்பி 1906-ல் சபையை விட்டே விலகி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர் அவர். என் பிள்ளைகளை அந்த ஆளிடமிருந்து பிரித்து வையுங்கள் என்பதுதான் அப்பாவின் பிடிவாதம். 1912 ஜனவரியில் சமாதானம் ஆகி, படிப்புக்காகப் பிள்ளைகளை இங்கிலாந்து அழைத்துப் போக ஆட்சேபணை இல்லை என்று இன்னொரு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார். பிப்ரவரியில் கப்பல் ஏறினார்கள். சில வாரங்களில் இத்தாலியில் டவோர்மினா என்ற ஊரில் பிள்ளைகள் இருந்தார்கள். கூடவே லெட்பீட்டரும்.

பெசன்ட் அம்மையார் திரும்பி வந்தார். பிள்ளைகள் வரவில்லை. ஆகஸ்டு முடிவதற்குள் ஒப்படைக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் போனது. பலனில்லை. 1912 அக்டோபரில் நாராயணய்யா வழக்குப் போட்டார்.

எங்கே போட்டார்னு பாருங்க. செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில். மெட்ராஸ் ஐகோர்ட்டில் இல்லை. ஏன்னா அன்றைக்கு அடையாறு ஆற்றுக்குத் தெற்கே இருந்தது எல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. இன்னிக்கு ஷேர் ஆட்டோவில் தாண்டுற பாலம் அன்னிக்கு ஒரு கோர்ட்டின் எல்லை. இந்த ஒரு விஷயம்தான் ஒன்றரை வருஷம் கழித்து லண்டனில் அவர் தலையில் இடியாக இறங்கப் போகிறது.

வழக்கு பெரியது, பிரதிவாதி உலகப் புகழ் பெற்றவர். அதனால் ஐகோர்ட்டே வழக்கைத் தன்னிடம் மாற்றிக் கொண்டது. நீதிபதி பேக்வெல். 1913 மார்ச்சில் விசாரணை தொடங்கியது. அப்பாவுக்கு வக்கீல் யார் தெரியுமா? சி.பி. ராமசாமி ஐயர். (அதே சி.பி. சில வருஷத்தில் ஹோம்ரூல் இயக்கத்தில் அம்மையாரோடு தோளோடு தோள் நின்றார்.) அம்மையார் வக்கீல் வைத்துக் கொள்ளவில்லை. தானே எழுந்து நின்று வாதாடினார்.

அவருக்கு இது முதல் தடவை இல்லை. இதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனசு வரலை.

1873-ல் பாதிரியாரான கணவரை விட்டுப் பிரிந்தவர் அன்னி பெசன்ட். பிரியும்போது எழுதிய ஒப்பந்தப்படி மகள் மேபல் அம்மாவிடம். அப்புறம் அவர் நாத்திகம் பேசினார், கருத்தடை பற்றிய புத்தகத்தை வெளியிட்டார், அதற்காகக் கோர்ட்டு வரை இழுக்கப்பட்டார். உடனே கணவர், இப்படிப்பட்ட பெண்ணிடம் என் மகள் வளரக் கூடாது என்று வழக்குப் போட்டார். 1878. நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். அன்றைக்கும் அம்மையார் தானேதான் வாதாடினார். தோற்றார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தும், இந்தத் தாயின் கருத்துகள் குழந்தைக்குக் கேடு என்று சொல்லி மகளைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்து விட்டார்கள். மேபலுக்கு அப்போது ஏழெட்டு வயது.

முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு அதே பெண்மணி மெட்ராஸ் கோர்ட்டில் நிற்கிறார். இந்தத் தடவை பிள்ளையைக் கேட்பவர் அப்பா, தர மாட்டேன் என்பவர் இவர். கையில் அப்பா கையெழுத்துப் போட்ட காகிதம். காகிதம் கோர்ட்டில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று இவரை விட நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையில் யாரும் இருந்திருக்க முடியாது. எனக்கு அம்மையார் மேல் கோபமும் வருது, பாவமாகவும் இருக்கு. எது அதிகம்னு கேட்டா சொல்லத் தெரியலை.

1913 ஏப்ரல் 15-ல் தீர்ப்பு. அப்பா சொன்ன குறிப்பான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றார் பேக்வெல். செலவுத் தொகையைக் கூட அப்பா தலையிலேயே கட்டினார். ஆனால் லெட்பீட்டர் சாட்சிக் கூண்டில் தானே ஒப்புக்கொண்ட கருத்துகளே போதும், சிறுவர்களுக்கு ஆசிரியராக இருக்கும் தகுதி அந்த ஆளுக்கு இல்லை என்றும் சொன்னார். பிள்ளைகள் இருவரும் கோர்ட்டின் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்று அறிவித்து, மே 26-க்குள் அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். அம்மையார் அப்பீல் போனார். தலைமை நீதிபதி சர் ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி ஓல்டுஃபீல்டும் அக்டோபர் 29-ல் அப்பா பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள்.

இரண்டு கோர்ட்டு, மூணு நீதிபதி, எல்லாமே அப்பா ஜெயம். பிள்ளைகள் மட்டும் இங்கிலாந்தில்.

அடுத்தது லண்டன் பிரிவி கவுன்சில். அன்றைக்கு இந்தியாவுக்குக் கடைசி கோர்ட்டு அதுதான். 1914 மே 25-ல் லார்டு பார்க்கர் தீர்ப்பை வாசித்தார். மெட்ராஸ் தீர்ப்புகள் ரத்து. வழக்கு தள்ளுபடி.

ஏன்?

இங்கதான் நம்ம ஆயா கேட்ட கேள்வி வருது. கார்டியன் அண்டு வார்ட்ஸ் சட்டம், 1890. அதன் ஒன்பதாவது பிரிவு, குழந்தை எந்த ஜில்லாவில் 'சாதாரணமாக வசிக்கிறதோ' அந்த ஜில்லா கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும் என்கிறது. வழக்குப் போட்ட 1912 அக்டோபரில் பிள்ளைகள் எங்கே? இங்கிலாந்தில். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. படித்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேரும் எண்ணத்தோடு மாசக்கணக்காக முன்பே கிளம்பிப் போனவர்கள். அப்படிப் போனவர்களைச் செங்கல்பட்டு ஜில்லாவில் சாதாரணமாக வசிப்பவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆக, செங்கல்பட்டு கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது.

சரி, வழக்கை ஐகோர்ட்டு எடுத்துக்கிச்சே, அது பெரிய கோர்ட்டு ஆச்சே? அதுவும் செல்லாது என்றார்கள். கீழ்க் கோர்ட்டிலிருந்து மாற்றி எடுத்த வழக்கில், கீழ்க் கோர்ட்டுக்கு என்ன அதிகாரமோ அதுதான் மேல் கோர்ட்டுக்கும். சொம்புத் தண்ணியைக் குடத்துல ஊத்தினா குடம் நிறைஞ்சிடுமா?

இன்னொன்றும் சொன்னார்கள். இந்த மாதிரி வழக்கு அப்பாவுக்கும் அம்மையாருக்கும் நடுவில் நடக்கிற சொத்துத் தகராறு இல்லை. பிள்ளைகள் சார்பில் பேச கோர்ட்டில் ஒருவரும் இல்லை. அவர்கள் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் இரண்டு பையன்களை அம்மையார் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டும் என்று மெட்ராஸ் கோர்ட்டு உத்தரவு போட்டால், பையன்கள் வர மாட்டோம் என்றால் அவர் என்ன செய்ய முடியும்? அவர்களைப் பற்றி முடிவு செய்ய வேண்டியது இங்கிலாந்து ஐகோர்ட்டுதான். அப்பா வேண்டுமானால் அங்கே மனுப் போடட்டும், அதற்கு இந்தத் தீர்ப்பு தடையில்லை.

இதில் கொடுமை என்னன்னா, அதே தீர்ப்பில் அப்பாவின் உரிமையைத் தெளிவாக ஒப்புக்கொள்கிறார்கள். கார்டியன் பொறுப்பு புனிதமான ஒன்று, அதை உயிரோடு இருக்கிற அப்பா காகிதம் எழுதி இன்னொருவருக்குக் கைமாற்றிவிட முடியாது, வளர்க்கவும் படிக்கவைக்கவும் பொறுப்பு ஒப்படைக்கலாம், எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம் என்கிறார்கள். ஆனால் நடுவில் பிள்ளைக்குப் புதுப் பழக்கங்களும் வாய்ப்புகளும் உண்டாகியிருந்தால், திருப்பித் தருவது பிள்ளைக்கு நல்லதா என்று கோர்ட்டு பார்க்கலாம். அதாவது 1910 கையெழுத்து அப்பாவைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தியது கப்பல். பிள்ளை இருக்கிற இடம் மாறியதும் கேட்க வேண்டிய கோர்ட்டு மாறிவிட்டது. பென்ஷன் வாங்குகிற ஓய்வுபெற்ற தாசில்தார் லண்டனில் வக்கீல் வைத்து இன்னொரு வழக்கை முதலிலிருந்து நடத்துவதா? இரண்டு மாசத்தில் முதல் உலகப் போர் வேறு தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இந்தியா திரும்பியது 1921 டிசம்பரில். நாராயணய்யா 1924-ல் இறந்தார். அடுத்த வருஷமே கலிபோர்னியாவில் நித்யானந்தாவும் இறந்து போனார். அப்பாவும் அம்மையாரும் எந்தப் பிள்ளைக்காக இவ்வளவு சண்டை போட்டார்களோ அந்த கிருஷ்ணமூர்த்தி, 1929-ல் தனக்காகவே உருவாக்கிய இயக்கத்தைக் கலைத்துவிட்டு நான் யாருக்கும் குரு இல்லை என்று போய்விட்டார்.

ஆக்ஸ்போர்டு என்ன ஆச்சு? சேரவே இல்லை! வழக்கு கிளப்பிய சத்தத்தில் அங்கே இடம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். பெரியவர் லண்டன் மெட்ரிகுலேஷனே தேறவில்லை. சின்னவர் பாரிஸ்டர் ஆனார். 'ஆக்ஸ்போர்டு போகும் எண்ணம்' என்று எதை வைத்து செங்கல்பட்டை அடித்தார்களோ அந்த ஆக்ஸ்போர்டு, அந்த வழக்காலேயே இல்லாமல் போச்சு.

இதெல்லாம் அங்கே நடந்துகொண்டிருந்தபோது எங்க புதுச்சேரியில் ஒருத்தர் உக்காந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தார். பாரதி. அம்மையாரைக் கிண்டல் பண்ணி 1914-ல் ஆங்கிலத்தில் 'தங்க வால் நரி' என்று பொருள்படும் ஒரு கதைப் புத்தகமே போட்டார். அவரால் இங்கே உட்கார்ந்து எழுத முடிந்ததும் இதே எல்லைக் கணக்கால்தான். பிரிட்டிஷ் வாரண்டு பிரெஞ்சு மண்ணில் செல்லாது. 1908-லிருந்து பத்து வருஷம் இங்கே இருந்துவிட்டு 1918 நவம்பரில் கடலூர் பக்கம் கால் வைத்ததும் பிடித்துக் கொண்டார்கள். எங்க ஊர்ப் பக்கம் எல்லை ஒரே நேர்க்கோடு கிடையாது. ஒரு வயல் பிரெஞ்சு, அடுத்த வயல் இங்கிலீஷ். நாலு அடி வச்சா சட்டம் மாறும்ங்கிறது எங்க ஆளுங்களுக்குப் புதுசில்லை. அந்த எல்லை ஒரு கவிஞரைக் காப்பாத்துச்சு. அதே மாதிரி இன்னொரு எல்லைதான் ஒரு அப்பாவைத் தோக்கடிச்சுது.

சரி, இப்ப என்ன நிலைமை?

1890 சட்டம் இன்னிக்கும் உயிரோட இருக்கு. ஒன்பதாவது பிரிவும் அப்படியே. இந்தியாவுக்குள்ள கணவன் சென்னை, மனைவி புதுச்சேரின்னா ரொம்பக் குழப்பம் இல்லை. ஒரே சட்டம், எந்த ஜில்லா என்பதுதான் கேள்வி. (புதுச்சேரிக்கு ஒரு தனி விசேஷம்: இந்து மைனர் கார்டியன் சட்டம் 1963-ல் இங்கே வந்தபோது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1881 பிரெஞ்சு ஆணைப்படி சொந்த சாதி, மத வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அது தனிப் பதிவாப் போட வேண்டிய சமாச்சாரம்.)

அமெரிக்காவுல இருக்கிற பதிவர்களுக்கு மாநிலம் விட்டு மாநிலம் பிரச்சனை தெரிஞ்சிருக்கும். ஒரு மாநிலத்துல தோத்தா பிள்ளையைக் கார்ல போட்டுக்கிட்டு அடுத்த மாநிலத்துல போய் வேற உத்தரவு வாங்குற கூத்து அங்க ரொம்ப காலம் நடந்துச்சு. 1968-லும் பிறகு 1997-லும் மாதிரிச் சட்டங்கள் எழுதி, பிள்ளை கடைசியா ஆறு மாசம் இருந்த மாநிலத்துக்குத்தான் முதல் உரிமைன்னு கிட்டத்தட்ட எல்லா மாநிலமும் ஏத்துக்கிட்டாங்க.

நாடு விட்டு நாடுன்னா 1980 ஹேக் ஒப்பந்தம். பதினாறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஒரு பெற்றோர் இன்னொருவர் சம்மதமில்லாமல் தூக்கி வந்தால், வழக்கமா வசித்த நாட்டுக்கு முதலில் திருப்பி அனுப்பணும். யாரிடம் வளரணும் என்பதை அந்த நாட்டு கோர்ட்டு முடிவு செய்யும். பிள்ளைக்குப் பெரிய ஆபத்து இருந்தாலோ, விவரம் தெரிந்த பிள்ளை போக மாட்டேன் என்றாலோ விதிவிலக்கு உண்டு. பிரான்ஸ் அதில் சேர்ந்த நாடு. இந்தியா இல்லை. சேரச் சொல்லி 2009-ல் சட்ட கமிஷன் எழுதியது. 2016-லும் அறிக்கை வந்தது. அடித்துப் பிடித்து ஊர் திரும்பும் பெண்களை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் இது என்று எதிர்ப்பும் வந்தது. அப்படியே நிற்கிறது.

அதனால் நம்ம ஊர் கோர்ட்டுகள் வழக்குக்கு வழக்கு தானே முடிவு செய்கின்றன. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு, அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு சி.பி.ஐ. தேடி சென்னையில் கண்டுபிடித்த ஒரு சிறுவனைத் திருப்பி அனுப்பச் சொன்னது. 2011-ல் டெல்லியில் மூணு வருஷமா படித்துவந்த ஒரு அமெரிக்கக் குடியுரிமைப் பையன் டெல்லியில்தான் 'சாதாரணமாக வசிக்கிறான்', டெல்லி கோர்ட்டே கேட்கலாம் என்றது. 2015-ல் இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்கு அம்மா கூட்டி வந்த இரண்டு பெண் குழந்தைகள் வழக்கில், அங்கத்திய கோர்ட்டு முந்திக்கொண்டதால் அங்கேயே போய்ப் பேசுங்கள் என்றது. 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வழியை மறுத்து, வெளிநாட்டு உத்தரவு பார்க்க வேண்டிய விஷயங்களில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலன்தான் முதல் என்றது.

ஒரு வாரம் கழிச்சு ஆயா வீட்டுக்குப் போனேன். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்டயும் கேட்டு வச்சிருந்தேன். "இங்கயும் கேக்கலாம் ஆயா. புள்ள ரெண்டு வருஷமா இங்க படிக்கிறான்ல, அதைச் சொல்லி புதுச்சேரி குடும்ப கோர்ட்டுல மனு போடலாம். ஆனா அங்கத்திய கோர்ட்டு காகிதத்துக்கும் பதில் போடணும், சும்மா விட்டுடக் கூடாது" என்றேன்.

ஆயா முகத்துல ஒரு தெளிச்சி. "அப்ப ரெண்டு வருஷம் வச்சிருந்தது நல்லதாப் போச்சு, இல்லப்பா?"

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. நாராயணய்யாவைக் கவுத்ததும் இதே கணக்குதானே? பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் கொஞ்ச நாள் வச்சுக்கிட்டா, வச்சிருக்கிற இடமே ஊராயிடும். கதையைப் படிச்ச ராத்திரி பூரா நான் அந்த அப்பா பக்கம். இப்ப இந்த ஆயா பக்கம் உக்காந்துக்கிட்டு அதே விதியை யோசனையாச் சொல்றேன். பாரிஸ் பக்கம் ஒரு அப்பா இருக்கான். அவன் நல்லவனா கெட்டவனான்னு எனக்குத் தெரியாது. பொண்ணு சொல்றதை வச்சுப் பார்த்தா கெட்டவன். அவ பொய் சொல்றவ இல்லை. ஆனா அடையாறு வழக்குலயும் ரெண்டு பக்கமும் இருந்தவங்க பொய் சொல்றவங்களாத் தெரியலை.

"பையனைக் கேட்டீங்களா ஆயா?"ன்னேன்.

"அவன்கிட்ட இன்னாத்த கேக்குறது, சின்னப் புள்ள."

பிரிவி கவுன்சில் கேட்ட கேள்வியைத்தான் கேட்டேன்னு ஆயாகிட்ட சொல்ல முடியலை.

பையன் வாசல்ல வலை பின்ற தாத்தா பக்கத்துல உக்காந்து நூல்கண்டை உருட்டிக்கிட்டு இருந்தான். வந்த புதுசுல தமிழ் தடுமாறும், கடைக்குப் போனா பிரெஞ்சுல எண்ணிக் காசு குடுப்பான். இப்ப எங்க தெருப் பசங்க பேசுற எல்லா வார்த்தையும் வருது, நல்லதும் கெட்டதும். (இங்கிலாந்து போன கிருஷ்ணமூர்த்திக்கு அப்பா பேசுற தெலுங்கே மறந்து போச்சுன்னு படிச்சது ஞாபகம் வந்துச்சு.)

கவர்ல கோர்ட்டு காகிதத்தோட, நான் முதல் நாள் கவனிக்காத ஒரு சின்னத் தாளும் இருந்துச்சு. கையெழுத்துல நாலு வரி, பையனுக்கு அவன் அப்பா எழுதினது. அவனைக் கூப்பிட்டு பிரெஞ்சுலயே வாசிச்சேன். என் உச்சரிப்பைக் கேட்டு முதல்ல சிரிச்சான். அப்புறம் சிரிக்கலை. முடிச்சதும், "இன்னொரு தபா படி அண்ணே"ன்னான்.

படிச்சேன்.

மனு போட அடுத்த வாரம் வக்கீல் வரச் சொல்லியிருக்கார். காகிதங்களைத் தமிழ்ல எழுதித் தர்ற வேலை எனக்கு. அந்தச் சின்னத் தாளையும் சேர்த்துக் குடுங்கன்னு ஆயாவோட பொண்ணுகிட்ட சொன்னேன். பதில் சொல்லலை, வாங்கி மடிச்சு வச்சுக்கிச்சு.